செங்கல்லைத் தேடி – 1: மண்டகப்பட்டில் போட்ட திட்டம்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில், ஏறக்குறைய பாதித் தூரத்தில், ஒரு ராஜா தன் வேலையைப் பற்றித் தானே பெருமையடித்துக்கொண்ட இடம் இருக்கிறது. ஊர் மண்டகப்பட்டு. பாறையைக் குடைந்து மூன்று கருவறைகள், முகப்பில் தடித்த தூண்கள், இரு கோடியிலும் ஆளுயரத்துக்கு மேல் வாயிற்காவலர்கள். கோயில் அவ்வளவுதான். தூணில் கிரந்த எழுத்தில், வடமொழியில், ஒரு கல்வெட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணச்சாந்தும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் இது என்கிறது. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் விருதுப் பெயர். காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம்.

இதைக் கல்லின் பெருமையாகத்தான் எல்லோரும் படிக்கிறோம். எனக்கு உறுத்தியது வேறு. இன்னின்ன இல்லாமல் கட்டினேன் என்று ஒருவன் பட்டியல் போடுகிறான் என்றால், அதுவரை மற்றவர்கள் எல்லாம் அதையெல்லாம் வைத்துத்தானே கட்டியிருக்க வேண்டும்? அந்தச் செங்கல் கோயில்கள் எங்கே? நம் பக்கம் தோண்டினால் அடித்தளம் கிடைக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட முருகன் கோயில் அப்படித்தான், கல்லுக்கு அடியில் செங்கல். ஆனால் மகேந்திரன் காலத்துச் செங்கல் கோயில் ஒன்று சுவரும் சிகரமுமாக நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால்?

கடல் தாண்ட வேண்டும். கம்போடியாவில், கொம்பொங் தோம் நகரத்துக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில், சம்போர் பிரெய் குக் என்ற காட்டுக்குள் அப்படி நிறையக் கோபுரங்கள் நிற்கின்றன. பழைய பெயர் ஈசானபுரம். ஈசானவர்மன் என்ற அரசனின் தலைநகர். 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இந்த ஈசானவர்மனுடைய தகப்பனின் பெயரைப் படித்தபோதுதான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் பெயரும் மகேந்திரவர்மன்! நம் ஆள் இங்கே பாறையைக் குடைந்துகொண்டிருந்த அதே தலைமுறையில் அங்கே ஒரு மகேந்திரவர்மன் ஆண்டிருக்கிறான். இருவருக்கும் உறவா, ஒருவரையொருவர் கேள்விப்பட்டதுண்டா என்றெல்லாம் கதை கட்ட நான் தயாரில்லை. ஆனால் பயணத்துக்கு ஒரு நூல் கிடைத்துவிட்டது.

வாட்ஸ்அப்பில் ‘அங்கோர்வாட்டைக் கட்டியது தமிழன்’ என்று மாதம் ஒருமுறையாவது வருகிறது. கட்டியவன் இரண்டாம் சூரியவர்மன், கெமர் அரசன், பன்னிரண்டாம் நூற்றாண்டு. கல் சுமந்ததும் செதுக்கியதும் அந்த நாட்டு மக்கள். நம்மிடமிருந்து போனது எழுத்து. பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்ததுதான் கெமர் எழுத்து என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய தகராறு இல்லை. கெமர் மொழியில் ஆண்டு குறித்த கல்வெட்டுகளில் மூத்தது கி.பி. 611-ஐச் சேர்ந்தது. அதுவும் நம் மகேந்திரன் காலம்தான். இதுவே பெருமைப்பட்டுக்கொள்ளப் போதும். அடுத்தவன் கோபுரத்தில் நம் பெயரை எழுத வேண்டியதில்லை.

கூட்டாளி திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வாழ்நாள் முழுக்க முகங்களையே எடுத்தவர். “வெளிநாடு போனா ஒரு மூஞ்சியக்கூட எடுக்க மாட்டேன் தம்பி. கல்லு ஒண்ணுதான் கண்ணை மூடாது, ‘அண்ணா இன்னொண்ணு’ன்னு கேட்காது” என்றார். எனக்கோ ஆள் இல்லாத படம் பாதிப் படம். இந்தச் சண்டை பயணம் முழுக்க வரப்போகிறது, வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எங்கள் காகிதத்தில் ஊர்கள் அதிகம். பாங்காக், அயுத்தயா, கடாரம், அங்கோர், போரோபுதூர், பாலி. நூல் கிடைத்தபின் ஒவ்வொன்றாக அடித்தோம். செங்கல்லுக்குச் சம்பந்தமில்லாத ஊர் வேண்டாம் என்பது விதி. கடாரத்தை அடிக்கும்போது மட்டும் அண்ணனுக்கு மனசு வரவில்லை. “ராஜேந்திர சோழன் போன ஊரு, கோலாலம்பூர் வரைக்கும் போயிட்டு அங்க போகாம வர்றதா?” நியாயமான கேள்வி. ஆனால் கடாரம் இருந்த கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கு வரை போய்த் திரும்பினால் கம்போடியாவில் ஒரு விடியற்காலை குறையும். கடாரம் தனிப் பயணமாகட்டும் என்று சமாதானம் செய்தேன்.

மிஞ்சியது இது: சென்னை, கோலாலம்பூர், சியாம் ரீப், கொம்பொங் தோம், நாம்பென், சைகோன், தானாங். முன்பெல்லாம் பாங்காக்கில் இறங்கிப் பேருந்தில் எல்லை தாண்டுவது மலிவு வழி. 2025-இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் எல்லையில் சண்டை மூண்டு அந்த வழி அடைபட்டது. அதனால்தான் மலேசியாவைச் சுற்றிக்கொண்டு போகிறோம். இந்தியர்களுக்கு அங்கே 2026 முடிய விசா தேவையில்லை. வருகை விவரத்தை முன்கூட்டி இணையத்தில் பதிந்தால் போதும். கம்போடிய விசாவை இறங்கிய இடத்திலேயே 30 டாலர் கட்டி வாங்கலாம். வியட்நாமுக்கு மின்விசா, 25 டாலர். அதில் எந்த வாசல் வழியாக நுழைகிறோம், எதன் வழியாக வெளியேறுகிறோம் என்று குறிப்பிட வேண்டும். நாம்பென்னிலிருந்து பேருந்தில் சைகோன் போவதால் நுழைவு மொக் பாய் தரைவழிச் சாவடி, வெளியேற்றம் தானாங் விமான நிலையம்.

மாதம் பிப்ரவரி. தானாங், ஹோய் ஆன் பக்கம் அக்டோபர், நவம்பரில் வெள்ளம் வீட்டுக்குள் வரும். நமக்கும் அது தெரியாத சங்கதியா? 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள். மழையைப் படமெடுக்க அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

சியாம் ரீப்பில் எத்தனை நாள் என்பதில்தான் இழுபறி. அங்கோர் நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் விட்டுவிட்டும் பயன்படுத்தலாம். அங்கோர்வாட் மேற்குப் பார்த்த கோயில். விடியலில் குளத்தங்கரையில் நின்று எல்லோரும் எடுக்கும் அந்த நிழலுருவப் படத்தை நானும் எடுக்க வேண்டுமா? இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. சாயங்கால வெயில் மேற்கு முகப்பில் விழும்போது புடைப்புச் சிற்ப மண்டபத்தில் இருந்தால் போதும் என்பது என் கட்சி. “அவ்ளோ தூரம் போயி சூரியன் உதிக்கறதப் பாக்காம வந்தா ஊட்ல சேத்துக்க மாட்டாங்க” என்பது அண்ணன் கட்சி. மூன்று நாள் சீட்டு என்று முடிவாயிற்று.

ஆனால் என் கணக்கில் பயணத்தின் நடுநாள் கொம்பொங் தோம்தான். பலர் சியாம் ரீப்பிலிருந்து நாம்பென் போகிற வழியில் இறங்கி, வெயில் உச்சியில் இருக்கும்போது சம்போர் பிரெய் குக்கைப் பார்த்துவிட்டு வண்டியேறுகிறார்கள். நாங்கள் இரவு அங்கே தங்கி விடியலில் போகிறோம். எட்டுப்பட்டைக் கோபுரங்கள் அங்கே உண்டு. அவற்றின் வெளிச்சுவரில் செங்கல்லிலேயே செதுக்கிய பறக்கும் மாளிகைகள், அதற்குள் சின்னச் சின்ன உருவங்கள். அரித்துப்போன செங்கல்லில் அவ்வளவு மெல்லிய புடைப்பு. சாய்வான வெயில் இல்லாவிட்டால் படத்தில் வெறும் சுவர்தான் விழும்.

அதற்கு ஒத்திகை பார்க்கத்தான் மறுபடி மண்டகப்பட்டு. தொல்லியல் துறை இடங்களில் அனுமதி வாங்காமல் முக்காலி வைக்கக்கூடாது. வெளியே கண் கூசும் வெயில், உள்ளே இருட்டு. சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, மூச்சை விட்ட பிறகு அழுத்தினார் அண்ணன். கல்வெட்டை நேராக எடுத்தால் தூணில் சொறி மாதிரிதான் தெரிந்தது. நான் டார்ச்சைத் தூணோடு தூணாக, பக்கவாட்டில் பிடித்தேன். ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து வரி வரியாக எழும்பியது. டார்ச்சை இரண்டு விரற்கடை நகர்த்தினால் மறுபடி மறைந்தது. அன்று பனைமலைக்கும் போனோம். ஏரிக்கரைக் குன்றின்மேல் ராஜசிம்மன் எடுத்த கோயில். குடையின் கீழ் ஒரு காலை மடித்து நிற்கும் தேவியின் ஓவியம். அங்கே டார்ச்சும் கிடையாது, ஃபிளாஷும் கிடையாது. அந்த நிறம் இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும்.

நாம்பென்னில் 1920-இல் திறந்த சிவப்பு அருங்காட்சியகம் ஒன்றே இலக்கு. பாதி சிவனும் பாதி திருமாலுமான ஹரிஹரன் சிலை அங்கே இருக்கிறது. மூவருக்கு ஒரே குகை எடுத்த ஊரிலிருந்து போகிறவர்கள் அதைப் பார்க்காமல் வரலாமா? சைகோன் மட்டும் என் விதிக்கு விலக்கு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் வேலைக்கும் வியாபாரத்துக்கும் போன ஊர். அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் இன்று பெரும்பாலும் வியட்நாமியர்களே ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். அந்த முகங்களை எடுக்கும் பொறுப்பு என்னுடையது.

கடைசியில் தானாங். சாம் சிற்ப அருங்காட்சியகம், பிறகு 70 கிலோமீட்டரில் மீ சொன். அங்கே செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையில் சாந்து கண்ணுக்கே தெரியாது. எப்படி ஒட்டினார்கள் என்று இன்னும் வாதம் நடக்கிறது. 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் அங்கிருந்த பெரிய கோபுரம் சரிந்தது. மிஞ்சியவற்றில் சிலவற்றை நம் தொல்லியல் துறை சீர்செய்தது. அந்த வேலையின்போதுதான் 2020-இல் மணற்கல் லிங்கம் ஒன்று முழுசாக வெளிவந்தது.

மூட்டை விஷயம் எளிதாக முடியவில்லை. மலிவு விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோதான் கணக்கு. உதிரி பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது, அவையும் கைப்பைக்குள்தான். ட்ரோன் பேச்சை முதலிலேயே நிறுத்திவிட்டோம். அங்கே வாங்க வேண்டிய அனுமதிக் காகிதங்களுக்கே விடுப்பு தீர்ந்துவிடும். ஸ்டுடியோவுக்குப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் அண்ணன் பையை ஏற்றினோம். முள் 9 கிலோவைத் தாண்டியது. கடைக்காரர் சிரித்தார். 70-200 லென்ஸைக் கையில் எடுத்தேன். அண்ணன் வாங்கி மறுபடி உள்ளே வைத்தார். கோபுரம் நகராது அண்ணா, நாம்தான் கிட்டே போகலாமே என்றேன். “நீ கிட்ட போவ, எனக்கு முட்டி வலி” என்றார். அப்புறம் அவரே அதை எடுத்துப் பட்டறை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

திண்டிவனத்தில் பேருந்து ஏறிக் கிளாம்பாக்கம், அங்கிருந்து விமான நிலையம். சியாம் ரீப்பில் இறங்குவது அடுத்த இதழில்.