டீவியைச் சுவரில் மாட்டிய செலவும் அதன் விளக்கமும்



பழைய மாணவர்கள் எங்கள் பாடசாலைக்கு வாங்கித் தந்த 65 அங்குல டீவி இரண்டு கிழமையாகப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. "டீவியே வந்துட்டு, ஒரு இரும்புத் துண்டு வாங்க இவ்வளவு நாளா?" என்று பள்ளிவாசல் முற்றத்தில் வைத்துக் கேட்டவர்களும் உண்டு. கேட்கத்தான் வேண்டும். காசு ஊராருடையது. அந்தச் சுவருக்குக் கீழே பாய் விரித்து உட்காருவதும் ஊராரின் பிள்ளைகள்தான், அதுவும் தரம் 3 பிள்ளைகள். ஆகவே கணக்கையும் காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறோம். வீட்டுக்குப் பெரிய டீவி வாங்க யோசிப்பவர்களுக்கும் இதில் சில விடயங்கள் உதவும்.

சுவரில் மாட்டும் பிரக்கெட் மூன்று வகை. சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்பது ஒன்று. மேல்பக்கம் கொஞ்சம் முன்னுக்குக் குனிவது இன்னொன்று. மூன்றாவது, கை போல நீண்டு இடமும் வலமும் திரும்புவது. கடையில் பார்க்க ஆசையாக இருப்பது மூன்றாவதுதான். சகோதரர் ஒருவர் அதற்கான 18,500 ரூபாவையும் தானே தருவதாகச் சொன்னார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும். ஆனாலும் நாங்கள் வேண்டாம் என்றோம். அதில் சிலருக்கு மனவருத்தம், அதனால்தான் இந்த விளக்கம்.

ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டித் தூக்கிப் பாருங்கள். பிறகு அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். வாளியின் பாரம் மாறவில்லை, தோள்மூட்டுத்தான் கழன்று போகும் போல இருக்கும். தரம் 10 விஞ்ஞானத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் விசையின் திரும்பல் விளைவு இதுதான். எங்கள் டீவி ஸ்டாண்ட் இல்லாமல் 22 கிலோ. கை அரை மீற்றர் நீண்டு, சுவரில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையில் 20 சென்ரிமீற்றர் இருந்தால், மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் இழுவை 55 கிலோ அளவுக்கு வரும். அதே டீவி சுவரோடு ஒட்டி 8 சென்ரிமீற்றரில் நின்றால் அந்த இழுவை ஒன்பது கிலோவைத் தாண்டாது. வகுப்பறையில் டீவியைத் திருப்ப வேண்டிய தேவையும் இல்லை. கை நீளும் பிரக்கெட் பிள்ளைகள் தொங்கிப் பார்க்க நல்ல விளையாட்டுச் சாமான் என்பதும் எங்களுக்குத் தெரியும், நாங்கள் ஆசிரியர்கள்.

மேசையில் வைத்தால் போதாதா என்று ஒரு உம்மா கேட்டார். பெரிய டீவிகளின் அடிக்கால் ஒடுக்கம். சின்னப் பிள்ளை ஒன்று பிடித்து ஏறப் பார்த்தாலே முன்னுக்குச் சரியும். வீட்டில் தவழும், நடக்கப் பழகும் பிள்ளை இருந்தால் தாழ்ந்த மேசையில் பெரிய டீவியைச் சும்மா நிறுத்தி வைக்காதீர்கள்.

ஆக, குனியும் வகையில் 3,600 ரூபாவுக்கு ஒன்று எடுத்தோம். எதிர்ப்பக்கம் ஜன்னல் இருப்பதால் வெளிச்சம் திரையில் விழும், சற்றுக் குனிந்தால் அந்தப் பளபளப்புக் குறையும். பெட்டியில் 50 கிலோ தாங்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எங்களுக்கும் அதைப் பார்த்து ஒரு நிம்மதி. மாட்டித்தர வந்த மேசன் காக்கா, அவரும் எங்கள் பிள்ளை ஒன்றின் வாப்பாதான், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சேர், இரும்பு 50 கிலோ தாங்கும் எண்டு எழுதி இரிக்கி. செவரு எத்தன கிலோ தாங்கும் எண்டு எங்க எழுதி இரிக்கி?"

இரண்டு கிழமை போனது இந்தக் கேள்வியில்தான்.

எங்கள் பகுதியில் பழைய வீடுகள் செங்கல். சுனாமிக்குப் பிறகு எழும்பிய வீடுகளிலும் கட்டடங்களிலும் சீமெந்துக் கல் அதிகம். சீமெந்துக் கல்லிலும் முழுக்கல் உண்டு, உள்ளே பொள்ளலான கல்லும் உண்டு. பூச்சுப் பூசிப் பெயின்ற் அடித்த பிறகு எல்லாச் சுவரும் ஒரே மாதிரித்தான் தெரியும். தட்டிப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நிச்சயமாகச் சொல்வது ட்ரில்தான். டீவி மறைக்கப்போகும் இடத்தில் சின்னதாக ஒரு துளை போட்டுப் பாருங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூள் விடாமல் வந்தால் முழுக்கல் அல்லது கொங்றீட். கொஞ்சத் தூரம் போனதும் ட்ரில் திடீரென்று உள்ளே விழுந்தால் பொள்ளல். தரம் 3க்கும் தரம் 4க்கும் இடைச்சுவரில் எங்களுக்கு அப்படித்தான் விழுந்தது. ஆறங்குலச் சுவர், ஆனால் பிடிமானம் ஓரங்குலத் தோல் மட்டும்.

பிரக்கெட்டோடு ஒரு சின்னப் பையில் பிளாஸ்ரிக் ரோல் பிளக்கும் ஆணியும் தருவார்கள். நல்ல செங்கல்லில், பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள்ளேயே முழுதாக இறங்கினால் ரோல் பிளக் உறுதியாக நிற்கும். அதற்கும் கடையில் நல்ல பிளக்கும் நீளமான திருகாணியும் தனியாக வாங்குங்கள், பெட்டிக்குள் வருவதை நம்பாதீர்கள். பூச்சு பிடிமானம் அல்ல, அரை அங்குலம் பூச்சு என்றால் அந்த அரை அங்குலத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள சாந்திலும் துளை விழக்கூடாது. துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுத்துவிட்டுத்தான் பிளக்கை அடிக்க வேண்டும். பொள்ளல் கல்லிலோ இதெல்லாம் செய்தும் பயனில்லை. முதல் நாள் இறுகினது போலத்தான் இருக்கும், ஆறு மாதத்தில் ஆடத் தொடங்கும்.

காக்கா சொன்ன வழி இது. சுவரை மறுபக்கம் வரை துளைத்து, எட்டு மில்லிமீற்றர் மரைக்கம்பியை ஊடே விட்டு, தரம் 4 பக்கம் இரண்டு பட்டை இரும்பு வைத்து நட்டுப் போட்டு இறுக்குவது. அப்போது பாரத்தைக் கல்லின் தோல் பிடிக்காது, சுவர் முழுவதுமே நடுவில் அகப்பட்டு நிற்கும். பொள்ளல் நசியாமல் இருக்க அளவாக இறுக்க வேண்டும் என்பது மட்டும் கவனம். கடற்காற்றில் சாதாரண போல்ட் ஒரு மாரிக்கே கறள் பிடித்துவிடும் என்பதால் கம்பியும் நட்டும் துருப்பிடிக்காத உருக்கில் எடுத்தோம். பட்டை இரும்புக்கு இரண்டு தரம் கறள் தடுக்கும் பெயின்ற் அடித்தோம். தரம் 4 பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனிகளை வெட்டி, அரம் போட்டு மழுக்கியாயிற்று.

இன்னொரு விடயம். டீவியின் முதுகில் நான்கு துளைகள் இருக்கும். அவற்றின் இடைவெளியை மில்லிமீற்றரில் சொல்வதற்கு உலகம் முழுக்க ஒரே முறை, பெயர் வெசா. "டீவிக்குமா வீசா?" என்று கத்தாரில் இருந்து லீவில் வந்திருந்த ஒருவர் கேட்டுச் சிரித்தார். எங்களுடையது 400க்கு 300. கடைக்குப் போகுமுன் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பெட்டியில் "32 முதல் 70 அங்குலம் வரை" என்று இருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால் துளை பொருந்தாமல் போகலாம். அந்தத் துளைக்குள் போகும் ஆணியும் டீவிப் புத்தகத்தில் சொன்ன நீளத்தில்தான் இருக்க வேண்டும், நீளம் கூடினால் உள்ளே உள்ளதைக் குத்திவிடும்.

வகுப்பறையில் பின்வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று உயர்த்தி மாட்டினோம். வீட்டில் அப்படி வேண்டாம். அலுமாரி உயரத்தில் டீவியை மாட்டிவிட்டுக் கழுத்து வலி என்று சொல்லும் வீடுகள் பல. கதிரையில் இருந்தால் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அங்கே திரையின் நடுப்பகுதி வரட்டும், தரையிலிருந்து மூன்றரை அடி அளவில். ஹோலில் பெண்கள் தொழுவார்கள் என்றால் கிப்லாப் பக்கச் சுவரைத் தவிர்த்து மற்றச் சுவரைப் பாருங்கள். துளை போடுமுன் சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் கீழேயும் வயர் ஓடியிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கணக்கு: பிரக்கெட் 3,600. மரைக்கம்பி, நட்டு, வாஷர் 2,400. பட்டை இரும்பும் வெல்டிங் கடையில் வெட்டித் துளைத்த கூலியும் 2,800. ஒரு அடி நீள ட்ரில் பிட் 1,450. பெயின்ற் 950. மொத்தம் 11,200 ரூபா. காக்கா கூலி வாங்க மறுத்துவிட்டார். பற்றுச்சீட்டுகள் காரியாலயத்தில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

டிசம்பர் விடுமுறையில் நட்டுகளை ஒருமுறை பார்த்து இறுக்க வேண்டும். ஸ்பனர் பிடிக்கத் தெரிந்த பெற்றோர் ஒருவர் பெயர் தந்தால் நல்லது. அந்த நீளமான ட்ரில் பிட் 10 மில்லிமீற்றர், இனி எங்களுக்கு அவசரம் இல்லை. வீட்டில் பொள்ளல் சுவர் உள்ளவர்கள் வந்து எடுத்துப் போகலாம், வேலை முடிந்ததும் திருப்பித் தந்தால் சரி.