மிளகின் தலையீற்று

ஜனவரி 11
மிளகுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. கறுப்பும் பழுப்புமான டாஷ்ஹவுண்ட். "குட்டி போட்டா எங்களுக்கு ஒண்ணு" என்று தெருவில் பலர் சொல்லி வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளை இன்று உட்கார்ந்து படித்தேன். தாய்க்கு 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். "ஒரே ஒரு நாய்க்கு எதுக்குடா இதெல்லாம்?" என்கிறான் அண்ணன். குட்டியைக் காசுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரு நாய் என்ன, பத்து நாய் என்ன? விண்ணப்பம் எழுதியாகிவிட்டது.

ஜனவரி 27
வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதுகெலும்பு எக்ஸ்ரே. நீள முதுகும் குட்டைக் காலுமாக இருக்கும் இந்த இனத்துக்கு டிஸ்க் நோய்தான் பெரிய சாபம். திடீரென்று பின்கால்கள் விழுந்துவிடும். இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2017இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் டாஷ்ஹவுண்டில் கிட்டத்தட்ட எல்லா நாய்க்கும் அது இருப்பதால், டிஎன்ஏ சோதனையை வைத்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 2 வயதுக்கும் 4 வயதுக்கும் நடுவே எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு படிந்த டிஸ்க்குகளை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை கூடினால் அந்த நாய்க்கு வாரிசு வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். டாக்டர் பேனா முனையால் திரையில் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். ஓர் இடத்தில் மட்டும் அரிசி முனை அளவுக்கு வெள்ளை. "இது போதும், தைரியமா விடலாம்" என்றார்.

பிப்ரவரி 15
ஆண் நாய் தேடும் படலம். தாம்பரம் பக்கம் ஒரு வீடு. பேப்பர் சுத்தம், வரவேற்பறை முழுக்கக் கோப்பைகள். அந்த அழகன் படியேறும்போது வலது பின்கால் லேசாக இழுத்தது. கேட்டபோது, "போன வருஷம் ஒரு வாரம் நடக்கல சார், ஊசி போட்டோம், சரியாயிடுச்சு" என்றார் சாதாரணமாக. காபி குடித்த வீட்டில் வேண்டாம் என்று சொல்வது சங்கடம்தான். சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொருவரிடம் புள்ளி போட்ட டாப்பிள் நாய். டாப்பிளோடு டாப்பிளைச் சேர்த்து, வெள்ளை அதிகமாக விழும் குட்டிகளை 'ரேர் கலர்' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார். அப்படிப் பிறப்பவற்றில் பல செவிடாகவோ குருடாகவோ இருக்கும். மிளகு டாப்பிள் இல்லை, அவளுக்கு அந்த ஆபத்து கிடையாது. இருந்தாலும் அவரோடு எனக்குச் சகவாசம் வேண்டாம்.

கடைசியில் அம்பத்தூரில் ஒரு 7 வயதுக்காரன். முகம் சுமார், மூக்கு நுனியில் நரை. முதுகுப் பிரச்சினை பெரும்பாலும் வெளிப்படுகிற வயதைத் தாண்டியும் துள்ளி நடக்கிறான். இரண்டுக்கும் புருசெல்லா தொற்றுக்கான ரத்தப் பரிசோதனை செய்தோம். கூலி ஒரு குட்டி.

மார்ச் 14
ஹீட் வந்த 12ஆம் நாள் கிராஸ் விடுவது ஊர் வழக்கம். ஆனால் கரு முட்டை வெளிவரும் நாள் நாய்க்கு நாய் மாறும். ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அளவைப் பார்த்து நாள் குறித்தோம். இன்று முடிந்தது.

ஏப்ரல் 20
ஸ்கேனில் கர்ப்பம் உறுதியாகி வாரமாகிறது. சித்தி கால்சியம் சிரப் பாட்டிலோடு வந்துவிட்டாள். "வாயும் வயிறுமா இருக்கிறவளுக்குக் கால்சியம் குடுக்காம யாராவது இருப்பாங்களா?"

கொடுக்கக் கூடாது. கர்ப்பக் காலத்தில் வெளியிலிருந்து கால்சியம் கொட்டிக்கொண்டே இருந்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துக் கொடுக்கும் பாராதைராய்டு சுரப்பி சோம்பேறியாகிவிடும். ஈன்றபின் பால் சுரப்புக்குத் திடீரென்று தேவை ஏறும்போது அதற்குக் கை ஓடாது. ரத்தத்தில் கால்சியம் சரிந்து நடுக்கம், கால் விறைப்பு, வலிப்பு, கவனிக்காவிட்டால் சாவு. சின்ன இனங்களில்தான் இது அதிகம். இந்தக் கடைசி வாரங்களில் வேண்டியது குட்டிகளுக்கான தரமான தீவனம். அதிலேயே எல்லாம் அளவாக இருக்கிறது. சித்தி சமாதானமாகவில்லை. பாட்டிலை அவளிடமே கொடுத்தனுப்பினேன்.

மே 16
101 டிகிரியில் இருந்த உடல் சூடு நேற்று மாலை 98.4க்கு இறங்கியது. அப்படி இறங்கினால் ஒரு நாளுக்குள் பிரசவம். முதல் குட்டிக்கு முன்பே பச்சைக் கசிவு தெரிந்தால் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள், உடனே ஆஸ்பத்திரி. அதற்காக ஆட்டோவைச் சொல்லி வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. விடியற்காலைக்குள் ஐந்து. சமையலறைத் தராசில் பெரியது 260 கிராம், கடைக்குட்டி 170. பத்து நாளுக்குள் எடை இரட்டிப்பாக வேண்டும். முதல் இரண்டு வாரம் குட்டிகளுக்குத் தன் சூட்டைத் தானே காக்கத் தெரியாது என்பதால் பல்பு கட்டச் சொல்லும் புத்தகங்கள். கத்திரி வெயிலில் சென்னையில் ஏசியை அணைத்தாலே போதும். மூச்சிரைக்கும் மிளகுக்குத்தான் பாவம், தனியே ஒரு ஈரத்துணி.

ஜூலை 11
இன்றோடு 8 வாரம். பூச்சி மருந்து, முதல் தடுப்பூசி, மைக்ரோசிப் எல்லாம் முடிந்தன. மூன்றாம் வாரத்திலிருந்தே மிக்ஸி, குக்கர் விசில், குழந்தைகள் எல்லாவற்றுக்கும் பழக்கியாயிற்று. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஒன்று கேட்டார்கள். தினமும் படியேற்றம் இந்த முதுகுக்கு ஆகாது என்று மறுத்தேன். பிறந்தநாள் பரிசாக வாங்க வந்தவருக்கும் இல்லை. செலவைக் கூட்டிப் பார்த்தால் லாபம் என்று எதுவும் நிற்கவில்லை. எந்த வயதில் வளர்க்க முடியாமல் போனாலும் என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று எல்லோரிடமும் எழுதி வாங்கியிருக்கிறேன்.

குட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் தாயைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு பதிவு எண்ணையும் எக்ஸ்ரேயையும் கேளுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் பேரம் பேசாதீர்கள், கிளம்பிவிடுங்கள்.