எதிர்வீட்டம்மாவின் ஜெர்மன் பெருமை

ஆஸ்டின், டெக்சஸ்

அடி மீனா,

போனில் பாதி சொல்வதற்குள் உன் மாமியார் வந்துவிட்டார். மீதியை எழுதித் தீர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

என் எதிர்வீட்டு ரிட்டயர்ட் டீச்சரம்மாவைப் பற்றித்தான். "நாங்கள் அசல் ஜெர்மன்காரர்கள்" என்று தினம் நாலு தடவையாவது சொல்வார். நவம்பரில் நியூ பிரான்ஃபெல்ஸில் நடக்கும் வுர்ஸ்ட்ஃபெஸ்டுக்கு, பூப்போட்ட பாவாடையும் இறுக்கின ரவிக்கையுமாகக் கிளம்பிவிடுவார். அது பவேரியா நாட்டுப்புற உடை. டெக்சஸுக்கு வந்தவர்களோ பெரும்பாலும் மத்திய, வட பகுதிக்காரர்கள். இன்னொன்று கேள்: அந்த ஊர் 1845-லேயே உண்டாகிவிட்டது. ஜெர்மனி ஒரே நாடானது 1871-ல்! வந்தவர்கள் தங்களை ஹெஸ்ஸேகாரன், பிரஷ்யாக்காரன் என்றுதான் நினைத்திருப்பார்கள். கப்பலை விட்டு இறங்கிய பிறகு, இங்கிலீஷ் பேசுகிறவர்கள் பார்வையில் எல்லோரும் ஒரே 'ஜெர்மன்'.

இதெல்லாம் பரவாயில்லை. அவருடைய மகள் வம்சாவளி தேடக் கிளம்பினாளே, அங்கேதான் வந்தது வினை. டீச்சரம்மாவின் அப்பா வழிக் கொள்ளுத்தாத்தா இங்கே டெக்சஸில் செர்பின் ஊர்க்காரராம், அதாவது வெண்டு இனத்தவர். அவர்கள் ஜெர்மானியரே இல்லையடி! இன்றைய ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், லுசாஷியாவில் இருந்த ஸ்லாவ் மக்கள். போலிஷுக்கும் செக்குக்கும் உறவான மொழி. லுத்தரன் சபையையும் சீர்திருத்தச் சபையையும் பிரஷ்ய அரசு ஒன்றாக்கியது பிடிக்காமல், யான் கிலியன் என்ற போதகரோடு சுமார் 550 பேர் 1854-ல் 'பென் நெவிஸ்' கப்பலேறினார்கள். வழியில் காலரா வாரிக்கொண்டு போனது போக, மிச்சப்பேர் கால்வெஸ்டனில் கரையேறி செர்பினில் காடு திருத்தினார்கள்.

செய்தி கேட்டதிலிருந்து டீச்சரம்மா என்னிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள்தான் என்னைச் செர்பினுக்கு அழைத்துப் போனாள். வெண்டுகளின் லுத்தரன் கோயில் வெளியே சாதாரணக் கற்கட்டடம்தான். உள்ளே போனால் நீலமும் வெள்ளையுமாகக் கண்ணைப் பறிக்கிறது. பளிங்கு மாதிரித் தெரிகிற தூண்கள், இறகால் வரைந்த வர்ணமாம். பிரசங்க மேடை மாடி உயரத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆண்கள் மாடியில், பெண்கள் கீழே. நம்மூர்க்காரர்களுக்கு இது புதிதா என்ன!

இந்த வெண்டுகள் ஜெர்மானியரான கதைதான் ருசி. சுற்றிலும் ஜெர்மன் பேசும் பண்ணைகள். சந்தையில் அந்தப் பேச்சு, பள்ளியில் அந்தப் பாடம், பிறகு சம்பந்தமும் அங்கேயே. கோயிலிலும் மெல்ல மெல்ல ஜெர்மன் ஏறியது. பக்கத்து கிடிங்ஸில் 1899-ல் தொடங்கிய 'டாய்ச்சஸ் ஃபோல்க்ஸ்பிளாட்' பத்திரிகை ஜெர்மன், வெண்டிஷ், இங்கிலீஷ் மூன்றிலும் அச்சாகி 1949 வரை ஓடியது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பிழைப்புக்கு எது வசதியோ அதுவாகிப் போனார்கள்.

கஷ்டகாலம் அப்புறம்தான். முதல் உலகப் போரில் ஜெர்மன் பேசினாலே சந்தேகம். பள்ளிகளில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று 1918-ல் டெக்சஸ் சட்டமே போட்டது. இரவல் வாங்கின அடையாளத்துக்கு இவர்களும் சேர்ந்து வசை வாங்கினார்கள். வீட்டில்கூடப் பிள்ளைகளிடம் ஜெர்மன் மொழியில் பேசுவதைப் பலர் நிறுத்திக்கொண்டார்கள்.

இன்றைக்குப் பார்: 2020 சென்சஸில் சுமார் 4.5 கோடி அமெரிக்கர்கள் ஜெர்மன் வம்சம் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது அதற்கு விலை ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு ஒரு நாள் பாவாடை கட்டினால் போதும். அன்றைக்கு விலை கொடுத்தவர்களுக்குத்தான் அந்தப் பெயர் கனத்தது.

டீச்சரம்மா இப்போது கொஞ்சம் தெளிந்துவிட்டார். செப்டம்பரில் செர்பினில் நடக்கும் வெண்டிஷ் விழாவுக்குப் போய் முட்டை நூடுல்ஸ் சாப்பிடப் போகிறாராம். ஆனால் நவம்பர் பாவாடையை மட்டும் விடமாட்டாராம்! எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. வம்சம் என்பது பாதி ரத்தம் என்றால், மீதி அக்கம்பக்கம். நீ என்ன சொல்கிறாய்? மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்து எழுது.

உன்
கமலா