ஒன்பது கோலும் ரஹீம் ஆசிரியரும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

சென்ற ஆகஸ்டு மாதம் நடந்த குறுவட்டப் போட்டியில் நம் பள்ளிக் கால்பந்து அணி ஒன்பது கோல் வாங்கித் தோற்றது தோழியர் அனைவரும் அறிந்ததே. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதை யாரும் அறிவிக்கவில்லை. ஆயினும் பகல் உணவு வேளைக்குள் ஆறாம் வகுப்புச் சிறுமியர் வரை செய்தி பரவிவிட்டது. அந்த ஒன்பதையும் வாங்கியவள் நான்தான். அன்று கோலியாக நின்றவள் நான். நாங்கள் போட்ட கோல் ஒன்றுகூட இல்லை.

ஆட்டம் முடிந்ததும் கையுறைகளைக் கழற்றி உடற்பயிற்சி ஆசிரியையிடம் நீட்டினேன். “இனிமேல் வேறு யாரையாவது நிறுத்துங்க, மிஸ்” என்றேன். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன். அவர் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. கையுறைகளை வாங்கிக்கொள்ளவும் இல்லை. “சேறா இருக்கு. துவைச்சு எடுத்துட்டு வா” என்று மட்டும் சொல்லிவிட்டு, காலில் அடிபட்டிருந்த இன்னொருத்தியைக் கவனிக்கப் போய்விட்டார். ஆவடியிலிருந்து திருமுல்லைவாயில் வரை ரயிலில் நான் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை.

வீட்டில் அப்பா, “பத்தாவது படிக்கிற பொண்ணுக்குப் பந்து எதுக்கு? இன்னியோட போதும்” என்றார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்துத் தூங்கி எழுந்த முகம். நான் பதில் பேசவில்லை. எனக்கே போதும் என்றுதான் இருந்தது.

திண்ணையில் சாய்வு நாற்காலியில் இருந்த தாத்தாதான் என்னைக் கூப்பிட்டார்.

“எத்தனை, கண்ணு?”

“ஒன்பது, தாத்தா.”

“நாம போட்டது?”

“ஒண்ணுமில்லை.”

“பரவாயில்லை போ. இந்தியாவே பத்து வாங்கியிருக்கு. அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?” என்றார்.

எங்கள் தாத்தா ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஜயந்தா டாங்கிகளைச் செய்தவர்களில் தாமும் ஒருவர் என்பதில் அவருக்குப் பெருமை. ஆனால் அவர் பிறந்து வளர்ந்தது செகந்தராபாத்தில். பட்டாளத்தோடு போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். அந்தக் காலத்தில் ஹைதராபாத் என்றாலே கால்பந்துதானாம். காசில்லாத பையன்கள் வேலிக்கு வெளியே நின்று ஆட்டம் பார்ப்பார்களாம். அப்படி வேலிக்கு வெளியே நின்று தாத்தா கண்டவர்தான் சையது அப்துல் ரஹீம். அவரை அங்கே யாரும் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்களாம். ‘ரஹீம் சாஹிப்’ என்பார்களாம். அன்றிரவு தொடங்கி ஒரு வாரம் தாத்தா சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ரஹீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது அதன் அணியில் ஆடினார். பிறகு பள்ளி ஆசிரியர் ஆனார். உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயம் பெற்று, பள்ளிகளில் விளையாட்டைக் கவனித்துக்கொண்டார். நம் மிஸ் மாதிரி விசில் ஊதுகிற ஒரு பள்ளி ஆசிரியர்! 1950இல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அந்த அணி பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. இந்திய அணியும் அவர் கைக்கு வந்தது. 1951இல் புதுடில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1–0 என்று வென்று தங்கம் பெற்றது. இதுவரை எல்லாம் வெற்றிதான். வெற்றிகளைப் பற்றிச் சொல்லும்போது தாத்தாவே வேகமாகத்தான் சொன்னார்.

அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக். பின்லாந்தின் குளிரில், நம் வீரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு ஆடினார்கள். எதிரே யூகோஸ்லாவியா. முடிவு 10–1. யூகோஸ்லாவியா சாமான்ய அணி அல்ல, அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியது. இருந்தாலும் பத்து பத்துதானே! அந்தப் பத்துக் கோலை வாங்கிய கோலி அன்றிரவு சாப்பிட்டிருப்பாரா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. தாத்தாவிடம் கேட்டேன். “கோலியை விடு. பயிற்சியாளர் சாப்பிட்டிருப்பாரான்னு யோசி” என்றார். நான் அதுவரை அந்தப் பக்கமாக யோசித்ததே இல்லை. எங்கள் மிஸ் அன்று என்ன சாப்பிட்டார் என்றும் எனக்குத் தெரியாது.

அந்தத் தோல்விக்குப் பின் பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று. ரஹீம் ஓடிப் போய்விடவில்லை. ஆட்டத்தின் அடிப்படையையே மாற்ற வேண்டும் என்று நினைத்தார். நம்மவர்களுக்குப் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஒருவரை, இருவரை, மூவரை ஏமாற்றிப் போவதில் மோகம் அதிகம். பார்ப்பவர்களும் அதற்குத்தான் கை தட்டுவார்கள். எனவே ரஹீம் ஹைதராபாத்தில் விசித்திரமான போட்டிகள் நடத்தினார். ஒன்றில், பந்தை உருட்டிக்கொண்டே போகக் கூடாது. வந்ததும் தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொன்றில், பழகாத காலால்தான் உதைக்க வேண்டும். வலக்கால் ஆட்டக்காரன் அன்று முழுவதும் இடக்காலால் ஆடுவான். இதைப் படித்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, எனக்கும் இடக்கால் இருக்கிறது, அதை நான் நிற்பதற்கு மட்டுமே பயன்படுத்துகிறேன் என்று.

துளசிதாஸ் பலராம் என்ற பெயரைச் சொல்லும்போது தாத்தா எப்போதும் நிமிர்ந்து உட்காருவார். செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவின் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, மிகவும் ஏழை. அவர் ஆட்டத்தைக் கண்ட ரஹீம் பயிற்சிக்கு வரச் சொன்னார். ஹைதராபாத் வரை வந்து போக வசதி இல்லை என்றார் பையன். வாடகை சைக்கிளுக்கு ரஹீமே காசு கொடுத்தாராம். இதைப் பலராமே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தச் சைக்கிள் பையன் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் போனார். 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் ஆடினார். 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் காலமான செய்தி வந்த அன்று, தாத்தா காலைக் காப்பியைக் குடிக்காமல் வைத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது காரணம் புரியவில்லை.

மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. முதல் சுற்றில் ஹங்கேரி வராததால் நமக்கு ஆடாமலே வழி கிடைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடுத்ததில் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4–2 என்று வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். அரையிறுதியில் யார் வந்தது தெரியுமா? அதே யூகோஸ்லாவியா! இம்முறை முதல் கோலை நாம் போட்டோம். பிறகு 4–1 என்று தோற்றோம். பத்து வாங்கிய அணியிடம் நான்கு ஆண்டுகள் கழித்து நான்கு. இது வெற்றி ஆகுமா என்று அப்பா குறுக்கே கேட்டார். (அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்!) தாத்தா, “தோல்விதான். ஆனா அதே தோல்வி இல்லை” என்றார்.

மறு சனிக்கிழமை துவைத்த கையுறைகளோடு பள்ளிக்குப் போனேன். திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். கொடுக்கும்போது ஏனோ ரஹீமின் இடக்கால் போட்டியைப் பற்றி மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு விசிலை ஊதி எல்லோரையும் கூப்பிட்டு, “இன்னிக்கு வலக்கால் யாரும் தொடக் கூடாது” என்றார். அந்த ஆட்டத்தை நான் மறக்கவே மாட்டேன். இருவர் பந்தை விட்டுவிட்டுக் காற்றை உதைத்து விழுந்தார்கள். ஒருத்தியின் ஷூ பந்தைவிட வேகமாகக் கோலுக்குள் வந்தது. நான் அதைப் பிடித்தேன். மாதா கெபிக்கு அருகே செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் குழாயைப் பிடித்தபடியே சிரித்ததில் பாதிப் பேர் நனைந்துவிட்டோம். கையுறைகளைக் கொடுக்க மறந்து அணிந்தபடியே நின்றிருந்தேன். அன்று முதல் மாதம் ஒரு சனிக்கிழமை இடக்கால் ஆட்டம் என்று ஆகிவிட்டது.

தாத்தா கடைசியில் சொன்னது 1962. அதை ஒரே மூச்சில் சொல்ல அவரால் முடியவில்லை.

ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2–0 என்று தோற்றோம். தாய்லாந்துடன் ஆடும்போது தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். வேறு பயிற்சியாளராக இருந்தால் அவரை ஊருக்கு அனுப்பியிருப்பார். ரஹீம் அவரை அரையிறுதியில் முன்வரிசைக்கு மாற்றி நிறுத்தினார். தையல் போட்ட தலையோடு கோல் போட்டார் அவர். இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென் கொரியா. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அரங்கில் இருந்தார்கள். நமக்கு ஆதரவாக அல்ல. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்தியாவின் சோந்தி என்பவர் கண்டித்திருந்தார். அந்தக் கோபத்தை ஜனங்கள் நம் வீரர்கள் மீது காட்டினார்கள்.

முந்திய இரவு ரஹீம் வீரர்களிடம் தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்று கேட்டாராம். என்ன பரிசு என்றதற்கு, நாளைய தங்கம் என்றாராம். உடனிருந்த வீரர்கள் பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் உடல் அப்போதே குன்றியிருந்தது. நுரையீரலில் புற்றுநோய்.

செப்டம்பர் 4ஆம் நாள் 2–1 என்று இந்தியா வென்றது. பி. கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். காய்ச்சலால் இடையில் ஆடாமலிருந்தவரை இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் நிறுத்தினார். தங்கராஜ் நெடிய உருவம். வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். முதலில் முன்வரிசையில் ஆடி, பிறகு கோலி ஆனவர். அவர் படத்தை என் கணக்கு நோட்டின் அட்டைக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். கணக்கு ஆசிரியை இதுவரை பார்க்கவில்லை.

1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ரஹீம் இறந்தார். தங்கம் வென்று ஓராண்டுகூட ஆகவில்லை. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வாங்கியதில்லை. 1970இல் ஒரு வெண்கலம் மட்டும். சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985இல்தான் ஏற்பட்டது. 2024இல் ‘மைதான்’ என்று இந்தியில் அவரைப் பற்றிப் படம் வந்தது. நாங்கள் வீட்டில் எல்லோரும் பார்த்தோம். கதைக்காகச் சிலவற்றைக் கூட்டியிருக்கிறார்கள் என்று தாத்தா குறைபட்டார். ஆனாலும் கடைசிக் காட்சியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன். அப்பாவிடம் நான் பேச வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் தேசியச் சாம்பியன் ஆனதைச் சொன்னேன். “அவங்க அவங்க. நீ பத்தாவது” என்றார். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 61 வாங்கியதை வைத்துக்கொண்டு மேலும் வாதாட எனக்கு வாய் வரவில்லை. முடிவில் அரையாண்டுத் தேர்வு வரை ஆடலாம், பிறகு பொதுத்தேர்வு முடியும் வரை பந்தைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தம். தாத்தா சாட்சி.

நவம்பரில் பூந்தமல்லியில் ஒரு நட்பு ஆட்டம். நான்கு கோல் வாங்கினோம். நம் அணி ஒன்று போட்டது, இடக்காலால். எங்கள் பெண்கள் கோப்பை வாங்கியதுபோல் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டதைப் பார்த்து எதிரணியினர் திகைத்துப் போனார்கள். அப்போதுதான் என் கோல்கம்பத்துக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்த அப்பா, சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. வீடு திரும்பும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. தெருமுனையில் திடீரென்று, “அந்த மூணாவது கோலுக்கு நீ முன்னாடி ஓடி வந்திருக்கணும். ஏன் கோட்டிலேயே நின்னே?” என்றார்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்திய வாரம் கையுறைகளை மிஸ் வாங்கிக்கொண்டார். இப்போது அவை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் இருக்கின்றன. அவள் கைக்குச் சற்றுப் பெரியவை; மணிக்கட்டில் ரப்பர் பாண்டு போட்டுக்கொள்கிறாள். சனிக்கிழமைகளில் சிறப்பு வகுப்பு முடிந்ததும் மைதானத்து ஓரமாகத்தான் நான் போக வேண்டும். பந்தை நான் தொடுவதில்லை. எந்தப் பக்கம் நிற்பது, எப்போது முன்னால் ஓடி வருவது என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறதே என்று ஓடுகிறேன்.