கலைக்கென்று 6,480 நிமிடங்கள்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கல்வி புகட்டும் பெற்றோர் அமெரிக்க நாட்டில் பலர் உளர். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழும் நாங்களும், மூத்த மகள் எட்டாம் வகுப்பை முடித்தபின், அவர்களோடு சேர்ந்துகொண்டோம். எங்களுள் ஒருவர் வேதியியல் படித்தவர், மற்றவர் பொறியாளர். ஆகவே சிறிதும் அச்சமின்றித் தொடங்கினோம். ஆனால் நாங்கள் ஒரு பொருட்டாகவே எண்ணாத பாடமொன்று எங்களைத் தடுமாற வைத்தது. அதுதான் கலை.

இவ்விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுகிறது. டெக்சஸ் மாநிலம் வீட்டில் பயிலும் மாணவரிடம் கலைப்பாடம் கேட்பதில்லை. நியூயார்க் கேட்கிறது. 1988 இல் வந்த விதிகளின்படி, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புக்குள் ஓவியமோ இசையோ, அல்லது இரண்டுமோ, ஓர் அலகு கற்பித்தாக வேண்டும். பள்ளிகளில் கிரெடிட் என்கிறார்களே, அதுதான் இந்த அலகு. ஓர் அலகென்பது 6,480 நிமிடங்கள், அதாவது 108 மணி நேரம். ஆண்டுக்கு நான்கு முறை, இன்ன பாடம் இத்தனை மணி என்று கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புதல் வேண்டும். திட்டமிட்டதில் 80 விழுக்காட்டுக்குக் குறைவாகக் கற்பித்திருந்தால் காரணமும் எழுத வேண்டும்.

அதை நான்காகப் பகுத்தோம். காலாண்டுக்கு 27 மணி என்று வந்தது. கலை வரலாற்று நூலொன்றை வாங்கிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தோம். அதோடு எங்கள் கடமை முடிந்ததென்று நினைத்தோம்! இயற்கணிதமும் இலக்கணமும் நாளை விழுங்கிவிட, அந்நூல் மேசையிலேயே கிடந்தது.

நவம்பரில் முதல் அறிக்கையை எழுதினோம். கலை என்ற இடத்தில் 27 என்று போட்டோம். எழுத்துப் பிழை பார்க்க மகளிடம் கொடுத்தபோது, அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பா, ஒன்பது மணி நேரந்தானே படித்தோம்? இருபத்தேழு என்று இருக்கிறதே?”

“இதையெல்லாம் யாரம்மா எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?” என்றோம்.

அவள் ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பித் தந்தாள். மூன்று வாரங்களுக்கு முன்னர்தான், செய்யாத ஒரு சோதனையின் முடிவைத் தன் அறிவியல் ஏட்டில் அவள் எழுதிவிட்டாளென்று அரைமணி நேரம் அவளைக் கண்டித்திருந்தோம். அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னவர்களும் நாங்களே.

எங்கள் தாளையும் கிழித்தோம். 9 என்று எழுதி, ‘பெற்றோர் நேரம் ஒதுக்கவில்லை’ என்பதையே காரணமாகக் குறித்தோம். அலுவலகத்திலிருந்து கண்டனம் எதுவும் வரவில்லை. மீதி 99 மணி நேரம் மட்டும் எங்கள் முன் நின்றது.

வியாழக்கிழமைகளில் மகளை க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலானோம். ஏ வண்டியில் 190 ஆம் தெரு நிலையத்தில் இறங்கி, மின்தூக்கியில் மேலேறினால், ஹட்சன் ஆற்றுக்கு மேலாக ஒரு பூங்கா. அதனுள் பிரான்சு தேசத்துப் பழைய மடாலயங்களின் தூண்களையும் வளைவுகளையும் கொண்டு கட்டி 1938 இல் திறந்த மாளிகை. நியூயார்க் மாநிலத்தவர் தம்மால் இயன்றதைக் கட்டணமாகத் தரலாம். பென்சிலால் வரையவும் அனுமதியுண்டு.

அங்கே மங்கள வார்த்தையைச் சித்திரிக்கும் மூன்று பலகை ஓவியமொன்று உண்டு. ஏறத்தாழ 1427 முதல் 1432 வரையிலான காலத்தது; ராபர்ட் காம்பின் என்பவரின் பட்டறையில் உருவானது. நடுவே மரியன்னையும் தேவதூதரும். இடப்புறம் முழந்தாளிட்ட கொடையாளிகள். வலப்புறம் புனித சூசையப்பர் தம் தச்சுப் பட்டறையில் ஒரு பலகையில் துளையிட்டுக் கொண்டிருக்கிறார். அவருடைய மேசையில் ஓர் எலிப்பொறி, சன்னல் விளிம்பில் இன்னொன்று!

“சூசையப்பருக்கு எலிப்பொறி எதற்கு?” என்றாள் மகள். எங்களுக்கு விடை தெரியவில்லை. வீடு திரும்பித் தேடினோம். ஆண்டவரின் சிலுவையைச் சாத்தானுக்கு வைத்த எலிப்பொறி என்று புனித அகுஸ்தினார் உவமித்ததை இவ்வோவியத்தோடு இணைத்து, மேயர் ஷாபிரோ என்னும் அறிஞர் 1945 இல் கட்டுரை எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் அவள் துளையிடும் அக்கையை மட்டும் ஆறு முறை வரைந்தாள். ஆறாவதில்தான் விரல்கள் கருவியை உண்மையாகப் பற்றின. பக்கத்தில் சும்மா நிற்க வெட்கி, நாங்களும் பென்சில் எடுத்தோம். எங்கள் சூசையப்பரைப் பற்றி எழுதாமலிருப்பதே நலம்.

எஞ்சிய நேரத்துக்கு இசை கைகொடுத்தது. மாதந்தோறும் நடைபெறும் தமிழ்த் திருப்பலியில் அவள் கீபோர்டு வாசிப்பாள். அதற்கான பயிற்சி நேரத்தைக் கணக்கிற் சேர்த்தோம். திருப்பலியில் வாசித்த நேரத்தையும் சேர்க்கலாமென்றார் ஒரு நண்பர். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை, அவளும் வேண்டாமென்றாள். வண்டியில் சென்ற நேரத்தையும் விட்டுவிட்டோம். ஜூன் மாத அறிக்கையில் கூட்டிப் பார்த்தபோது 111 மணி வந்தது. அவளே இருமுறை சரிபார்த்தாள்.

இம்மாநிலம் வீட்டில் பயின்றோர்க்குத் தன் பள்ளிச் சான்றிதழைத் தருவதில்லையாதலால், கல்லூரிக்கு விண்ணப்பிக்கையில் இத்தகைய பதிவுகளே துணை. அவளுடைய வரைபடங்களைத் தேதியிட்டு ஓர் உறையில் வைத்திருக்கிறோம்.

அடுத்த ஆண்டு இளையவனுக்கு ஒன்பதாம் வகுப்பு. அவனுக்குப் பென்சிலும் வேண்டாம், கீபோர்டும் வேண்டாம், மிருதங்கந்தான் வேண்டுமாம். எங்கள் கீழ்வீட்டாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.