படே பாபுவிடம் கற்ற பாடம்

தலைமை என்னும் சொல்லைக் கேட்டவுடன் மேடையும் மாலையும் ஒலிபெருக்கியுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆபீஸ் மேஜையின் பின்னால் அமர்ந்திருக்கும் சாதாரண உத்தியோகஸ்தரிடம் அப்பண்பைத் தேடுவார் இலர். ஆயினும், பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம் போன்ற குடும்பங்களின் ஏற்றமும் தாழ்வும் பெரும்பாலும் அத்தகைய ஒரு மேஜையில்தான் நிர்ணயமாகின்றன.

என் அநுபவத்தையே சொல்லுகிறேன். மெட்ரிக் தேறிய நான் ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து கரக்பூருக்கு வந்தேன். இளநிலை எழுத்தர் பணியிடங்களில் மூன்றில் ஒரு பங்கு, கீழ்நிலை ஊழியர்கள் பதவி உயர்வு பெற்று வருவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆகவே வழி திறந்தே இருந்தது. ஆனால் திறந்திருக்கிறது என்று சொல்ல ஒருவர் வேண்டுமே! இலாகா பரீட்சையின் அறிவிப்பு சுற்றறிக்கையாக ஆபீஸுக்கு வரும். அதைப் பலகையில் ஒட்டிக் கடைசித் தேதியை எடுத்துச் சொன்னால் ஊழியன் மனுச் செய்வான். மேஜைக்குள் உறங்கவிட்டால் தேதி கடந்துபோகும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் அது உறங்கிற்று. எனக்கு ஓராண்டு வீணாயிற்று. "இவர்கள் எல்லோரும் எழுத்தராகிவிட்டால் கட்டுகளை யார் தூக்குவது?" என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டதும் என் காதில் விழுந்தது.

பின்னர் மாற்றலாகிச் சென்ற ஆபீஸில் சூப்பரின்டென்டாக ஒரு வங்காளி இருந்தார். அவரைப் 'படே பாபு' என்றே எல்லோரும் அழைப்போம். சுற்றறிக்கை வந்த அன்றே தேநீர் வேளையில் அதை உரக்கப் படித்து, இந்தியில் பொருளும் சொல்லுவார். கலாசியாகிய என்னிடம் விடுப்புக் கணக்கைக் கொடுத்துக் கூட்டச் சொல்லுவார். பதில் கடிதத்துக்கு வரைவு எழுதச் சொல்லுவார். பிறகு சிவப்பு மையால் திருத்தி, திருத்திய காரணத்தை ஓரத்தில் இரண்டு சொற்களில் குறித்துத் தருவார். அதிகாரி மெச்சினால் எழுதியவன் பெயரைச் சொல்லுவார். கடிந்துகொண்டால் தாமே முன்னே போய் நிற்பார். 1956 நவம்பரில் அரியலூருக்கருகே பாலம் இடிந்து ரயில் ஆற்றில் வீழ்ந்து பலர் மாண்டபோது, ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பைத் தாமே ஏற்றுப் பதவி துறந்தார் அன்றோ? அந்தப் பெருங்குணத்தின் ஒரு சிறு கீற்றை இந்த மனிதரிடம் கண்டேன். அவர் தந்த பழக்கத்தினாலேயே நான் எழுத்தரானேன்.

என்னைக் காட்டிலும் கடினமான நிலையில் இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. தண்டவாளப் பராமரிப்பில் பணிபுரிந்த கணவர் நோயுற்று மறைய, இரு குழந்தைகளோடு நின்ற அவருக்குக் கருணை நியமனத்தில் எங்கள் ஆபீஸில் பியூன் வேலை கிடைத்தது. பரீட்சை எழுதும்படி படே பாபு சொன்னபோது, "கோப்பைத் தூக்கவே கை நடுங்குகிறது பாபு, நான் எங்கே எழுதுவது?" என்றார். "தீதி, முதலில் நீங்கள் எழுதுங்கள், திருத்துவது என் பொறுப்பு" என்பதே பதில். முதல் முறை அவர் தேறவில்லை. அதன்பின் வாரம் மூன்று நாள், வேலை முடிந்து அரைமணி நேரம், பழைய கோப்புகளை வைத்துக்கொண்டே பாடம் நடந்தது. இரண்டாம் முறை தேறினார். 2020-இல் பாஸைக் கணினி வழியே பெறும் முறை வந்தபோது, கைபேசியும் கையுமாகத் திகைத்து நின்ற மூத்த ஊழியர்களுக்கு அதைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவர் அவரே. இன்று அவர் மேஜையருகே இரண்டு கலாசிகள் வரைவு எழுதிப் பழகுகின்றனர்.

கற்றுக்கொடுத்தால் நம் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். படே பாபு ஓய்வு பெற்ற மறுநாள் எங்கள் பிரிவில் ஒரு கடிதமும் தேங்கவில்லை. அவர் இல்லாமலே வேலை நடந்தது. ஒவ்வொரு வேலையிலும் அவர் பெயர் சொல்லப்பட்டது. இதனினும் பெரிய மதிப்பு வேறு என்ன வேண்டும்?

நம் சங்கத்தையும் சற்று நினைத்துப் பார்ப்போம். பொங்கல் விழாவின் வரவு செலவைப் பல ஆண்டுகளாக ஒரு சிலரே சுமந்து வருகிறோம். கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளோ நாற்காலி எடுத்துப் போடுவதோடு நின்றுவிடுகின்றனர். அடுத்த விழாவின் கணக்குப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுப்போம். பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொள்வோம். உத்தியோகத்தில் ஒரு படி ஏறியவர்கள் ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரம் சங்க அறைக்கு வந்தால், இலாகா பரீட்சைக்குப் படிப்போருக்கு வரைவு எழுதவும் தட்டச்சுச் செய்யவும் கற்றுத்தரலாம். வரும் ஞாயிறு முதல் நான் அங்கே இருப்பேன். சிவப்பு மைப் பேனா என்னிடம் இருக்கிறது. எழுதுவதற்குத் தாள் மட்டும் கொண்டு வாருங்கள்.