ஊசியா, பம்பா?



பொங்கலுக்கு பாகூர் வந்த என் தங்கை பேத்தி இடுப்பில் சின்ன செல்போன் மாதிரி ஒன்றை மாட்டியிருந்தாள். இன்சுலின் பம்ப். வயது 12, டைப் 1 சர்க்கரை. "தாத்தா, உங்களுக்கு ஒரு நாளைக்கு நாலு குத்து. எனக்கு மூணு நாளைக்கு ஒண்ணுதான்" என்று சிரித்தாள்.

தோலுக்கடியில் மெல்லிய குழாய். இன்சுலின் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. சாப்பிடும்முன் எத்தனை இட்லி என்று கணக்குப் போட்டு பட்டனை அழுத்த வேண்டும். கணக்கில் புலி, சமாளிக்கிறாள். ஆனால் அதில் இருப்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டுமே. குழாய் அடைத்தால் சில மணி நேரத்தில் ஆபத்து. அதனால் பையில் ஊசியும் இருக்கிறது! எனக்கு இரவில் போடும் ஊசி மறுநாள் வரை தாங்கும்.

மகன் எனக்கும் பம்ப் வாங்கித் தருகிறேன் என்றான். விலை லட்சக்கணக்கில், மாதாமாதம் குழாய்ச் செலவு வேறு. நேரத்துக்குக் கஞ்சி குடிக்கிற கிழவனுக்கு ஊசி போதும் என்றுவிட்டேன். ஓடியாடும் பிள்ளைக்கு அது தேவைதான்.

வகுப்பில் பம்ப் பீப் அடித்தால் டீச்சர் திட்டுவாரோ என்று அவளுக்குப் பயம். எனக்குச் சுருக்கென்றது. 1994-இல் அடிக்கடி தண்ணீருக்கும் ஒன்றுக்கும் போகக் கேட்ட ஒரு பையனை, நடிக்கிறான் என்று பெஞ்சு மேல் ஏற்றினேன். மயங்கி விழுந்து, ஜிப்மரில் சேர்த்த பிறகுதான் சர்க்கரை என்று தெரிந்தது. அவன் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மண்பானையில் மருந்தை வைத்து ஊசி போட்டே பத்தாவது முடித்தான்.

வில்லியனூரில் கடை வைத்திருக்கும் தம்பி, நீ இதைப் படிப்பாய். அன்று நான் செய்தது தப்பு. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருகிறேன்.